வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோரைப் பற்றி வாசகர் ஒருவர் தங்கள் இதழில் எழுதிய கடிதத்தைப் படித்தேன். இது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு, பிள்ளையை வீட்டுச் சிறையில் வைப்பது என்று கோபமாக எழுதியிருந்தார். நானும் அப்படிக் கற்பிக்கும் ஒரு தாய்தான். கோட்டையூரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். என் கணவர் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலைகளை எடுத்துச் செய்கிறார். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. வாசகரின் கோபத்தில் பாதி நியாயமானது. அந்தப் பாதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மற்ற பாதிக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அதுவரை காலை ஏழு மணிக்கு வேன் வரும். சாயங்காலம் வந்ததும் பலகாரம் வாயில் இருக்கும்போதே டியூஷனுக்கு ஓடுவாள். வீட்டுப்பாடம் முடிவதற்குள் கண் சொருகிவிடும். ஆங்கிலப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பாள். அந்தக் கதையில் குதிரை ஏன் ஓடியது என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். அந்த இடைக்காலத்தில் என் மாமியாரும் நானும் மாறி மாறி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தோம். பிள்ளை கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எதையும் ஒருமுறை வாசித்துவிட்டு, "அப்ப இது சரியில்லையே அம்மா" என்று சொல்ல ஆரம்பித்தாள். பள்ளி திறந்தபோது மறுபடி அனுப்பவில்லை. சின்னவன் பள்ளிக்கூடப் படியே ஏறியதில்லை.

அதே நேரத்தில்தான் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைக் கொண்டுவந்தது. நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றின் திண்ணையைக் கேட்டு வாங்கினோம். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு அது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒரு குண்டு பல்பும் போட்டுக் கொடுத்தார். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் அங்கே வந்து படித்தார்கள், என் மகளும் அவர்களோடு உட்கார்ந்தாள். ஆகவே நான் பள்ளிகளை எட்ட நின்று பழிக்கும் ஆள் என்று வாசகர் நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளின் முகத்தில் தெளிச்சி கூடியதைக் கண்ணால் பார்த்தவள் நான். 'பசிக்குது மிஸ்' என்ற சொல் குறைந்தது. அந்தச் சோறு கிடைக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்து என்று எந்தத் தாய்க்கும் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அங்கே என் பாட்டிக்கு இடம் இருந்ததில்லை. எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காரும் பொதுப்பள்ளி வந்த பிறகுதான் எங்கள் குடும்பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு ஏன் வீட்டில் கற்பிக்கிறாய் என்று வாசகர் கேட்பார். எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நேரமும் இருக்கிறது என்பதுதான் என் பதில்.

என் மாமியாரின் தகப்பனார் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே மாமியாருக்கு எண்சுவடி என்ற பழைய கணக்கு வாய்ப்பாடு மனப்பாடம். பின்னக் கணக்கில் மகள் திணறியபோது அரிசி புடைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்.

"நாலு முந்திரி சேந்தா ஒரு காணி. நாலு காணி சேந்தா?"

"தெரியலையே அப்பத்தா."

"ஒரு மா. அஞ்சு மா சேந்தா கால். இப்ப சொல்லு ஆத்தா, ஒரு கால்ல எத்தனை முந்திரி?"

முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒரு பங்கு, மா 20-இல் ஒரு பங்கு. மகள் விரலை மடக்கிப் பெருக்கி 80 என்றாள். பாடப்புத்தகத்தில் பகுதியைச் சமமாக்குவது எதற்கு என்று அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது. அந்தப் புத்தகம் தமிழக அரசின் பாடநூல்தான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் வீட்டுப் பாடம் எல்லாம் அதை ஒட்டித்தான் நடக்கிறது.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று பிறகு நடந்தது. எதிர்வீட்டு அக்கா 12,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 1,000 முதல், 240 வட்டி, ஆக 1,240 வீதம் பன்னிரண்டு மாதம் கட்ட வேண்டும். "வருஷத்துக்கு 24 வட்டிதானே, பரவாயில்லை" என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். மாமியார் மட்டும் "முதல் குறையுதுல்ல, வட்டி ஏன் குறையல?" என்றார். மகள் ஒவ்வொரு மாதமும் கையில் இருக்கும் கடனை எழுதினாள். முதல் மாதம் 12,000, அடுத்து 11,000, கடைசி மாதம் 1,000. சராசரி போட்டால் ஆண்டு முழுக்கக் கையில் இருந்த கடன் 6,500 ரூபாய்தான். அதற்குக் கட்டிய வட்டியோ 2,880. அதாவது ஆண்டுக்கு 44 சதவீதத்துக்கும் மேல். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அடுத்த வாரமே தெருவில் இன்னும் சில பெண்கள் தங்கள் கடன் அட்டைகளைக் கொண்டுவந்து மகளிடம் காட்டினார்கள். வட்டித் தொழிலையே கடல் தாண்டி பர்மா, மலேயா வரை கொண்டுபோன ஊர்ப்பக்கம் இது. ஆனால் இன்று இங்குள்ள பெண்களுக்குத் தங்கள் கடனின் உண்மையான வட்டி எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் இல்லை. ஏழாம் வகுப்பு வயதுப் பிள்ளை அதைச் செய்ய முடியும். வகுப்பில் தனிவட்டி, கூட்டுவட்டி என்று சூத்திரம் எழுதும் எல்லாப் பிள்ளைகளுமே செய்ய முடியும், அந்த அட்டையை யாராவது அவர்கள் கையில் கொடுத்தால்.

இதைச் சொல்லும்போது பெட்டியடிப் பையன்களைப் பற்றிய பெருமைப் பேச்சு வரும். சின்ன வயதிலேயே கப்பலேறி, அங்குள்ள வட்டிக்கடையில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றவர்கள். உண்மைதான். ஆனால் அம்மாவைப் பிரிந்து மூன்று வருடக் கணக்கு முடியும்வரை அக்கரையில் கிடந்த பிள்ளைகளும் அவர்கள்தான். தொழில் கற்கிறான் என்ற பெயரில் பிள்ளையின் பிள்ளைப் பருவத்தை எடுத்துக்கொள்வதை நான் ஆதரிக்கவில்லை.

கணவரோடு வேலைக்குப் போய்வரும்போது மகன் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் எண்ணுவான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 8 அங்குலக் கல் என்றால் வரிசைக்கு 18 வீதம் 15 வரிசை, மொத்தம் 270, வெட்டு இல்லை. 10 அங்குலக் கல் என்றால் ஒரு பக்கம் 12 சரியாக வரும், மறுபக்கம் 14 வைத்த பிறகு 4 அங்குலம் மிஞ்சும். "அப்பா, எட்டு அங்குலக் கல்லே வாங்குங்க" என்றான். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்துச் சாயச் சாந்தை ஊற்றுவதையும், மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவதையும், பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவதையும் ஆத்தங்குடியில் நின்று பார்த்துவிட்டு, சிமெண்டுக்கு ஏன் தண்ணீர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. கிளை நூலகத்தில் தேடினோம். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது 1948-இல் நம் சென்னை மாகாணம்தான். அதனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த பலன் பெரிது. அந்த வாசலில் யாரும் 'எந்த ஸ்கூல்?' என்று கேட்பதில்லை. இதே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிக் காப்பாற்றியது. அவற்றில் ஒரு சிறு பங்காவது நம் ஊரிலேயே பிள்ளைகள் கைக்கு எட்டும்படி இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

செல்போனில்தானே கிடப்பார்கள் என்று வாசகர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குத் தனியாகப் போன் இல்லை, என்னுடையது அடுப்படி அலமாரியில் இருக்கும். 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடை போட்டிருக்கிறது. நம் நாட்டிலும் அப்படி ஒன்று வந்தால் வரவேற்பேன். ஆனால் போனை வாங்கி வைத்த பிறகு மிஞ்சும் நேரத்தில் பிள்ளையோடு பேச வீட்டில் யாராவது வேண்டும். இருவரும் வேலைக்குப் போய் ஓய்ந்து வரும் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. வேலை நேரமும் பள்ளி நேரமும் டியூஷன் நேரமும் சேர்ந்து குடும்பத்துக்கு மிச்சம் வைக்கும் பொழுது மிகக் குறைவு. அதைப் பற்றி ஏன் எந்தக் கட்சியும் பேசுவதில்லை?

கடினமான பக்கத்தையும் மறைக்கப் போவதில்லை. மகளுக்குச் சம வயதுத் தோழிகள் போதாது. பொட்டலில் மாலையில் சிலம்பம் கற்கிறாள். அங்கே வரும் பெண்பிள்ளைகள் வகுப்புக் கதைகள் பேசும்போது இவள் ஓரமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஓட்டத்தில் நல்ல கால். ஆனால் பள்ளிப் பெயர் இல்லாமல், பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டியில் ஓட முடியாது. நுண்ணோக்கி வழியே வெங்காயத் தோலைப் பார்க்க ஆசைப்பட்டாள். பக்கத்துப் பள்ளி ஒன்றில் அனுமதி கேட்டோம், பதிவேட்டில் இல்லாத பிள்ளையை ஆய்வகத்தில் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் பத்து வயதுத் தடுப்பூசியையும் நாங்களே நினைவு வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டு வாங்குகிறோம்.

இப்போது வாசகரின் நியாயமான பாதிக்கு வருகிறேன். இது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருந்தார். அரசியல் சட்டத்தின் 21-அ பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்காக வந்த 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆவது பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. வீட்டில் கற்பிப்பதைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டம் பள்ளியிலோ வேறு வகையிலோ பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோர் கடமை என்று சொல்லிவிட்டது. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். இரண்டில் எதுவானாலும் அங்குள்ள தாய்க்குத் தான் நிற்கும் இடம் தெரியும். எனக்குத் தெரியாது.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வந்த ஆசிரியை நல்லவர். மகனிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார், கணக்குக் கேட்டார், சந்தோஷப்பட்டார். பிறகு படிவத்தைப் பார்த்துக்கொண்டே "இத எங்கம்மா எழுதுறது?" என்றார். பள்ளியிலேயே சேராதவர், இடைநின்றவர் என்று இரண்டு கட்டம் இருந்தது. மகனை முதல் கட்டத்திலும் மகளை இரண்டாவதிலும் எழுதிக்கொண்டு போனார்.

எழுத இடம் இல்லாதது எங்களுக்கு வெறும் சங்கடம். இன்னொரு பிள்ளைக்கு அது வாழ்க்கையையே மாற்றிவிட்டது. திண்ணையில் என்னிடம் மாலையில் படித்த ஒரு பெண்பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அம்மா வேலைக்குப் போக, கைப்பிள்ளைத் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு சோறு பொங்கினாள். கணக்கெடுக்க வந்தவர்களிடம் அவள் அம்மா, "அந்த அக்கா பிள்ளைக மாதிரி எம் பொண்ணும் வீட்லயே படிக்குது" என்று சொல்லியிருக்கிறார். வந்தவர்களும் நம்பிப் போய்விட்டார்கள். எனக்குத் தெரியவந்தபோது அந்தப் பிள்ளை வெளியூரில் ஒரு நூல் மில் விடுதியில் இருந்தாள். நான் பல இரவு தூங்கவில்லை. என் வீட்டில் நடக்கும் படிப்பின் பெயரைச் சொல்லி இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோனது. வாசகர் 'சிறை' என்று எழுதியது அந்தப் பிள்ளைக்குப் பொருந்தும்.

சட்டத்தில் இன்னோர் ஓட்டையும் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்த திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை முழுவதுமாகத் தடுக்கிறது. ஆனால் குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்று விடுகிறது. பள்ளி நேரமே இல்லாத பிள்ளைக்கு எது பள்ளி நேரத்துக்குப் பிறகு? காலையிலிருந்து கடையில் உட்காரவைத்துவிட்டு, படிப்பு ராத்திரியில் என்று சொன்னால் யார் கேட்பது? கணவரோடு வேலையிடத்துக்குப் போகும் என் மகனைப் பற்றியும் இதைக் கேட்க வேண்டும். கேட்கட்டும், பதில் சொல்கிறேன்.

அதனால்தான் எழுதுகிறேன். எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை, எங்களை வந்து பாருங்கள் என்று கேட்கிறேன். வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருக்கட்டும். பள்ளி மாணவர்களுக்குக் கல்வித் துறை தரும் எமிஸ் என்ற பதிவு எண் கொடுக்கட்டும். அரையாண்டுக்கு ஒருமுறை ஓர் ஆசிரியர் வந்து பிள்ளையைப் பெற்றோர் இல்லாமல் தனியாக உட்காரவைத்துப் பேசட்டும். வாசிக்கச் சொல்லட்டும், கணக்குக் கேட்கட்டும், நேற்று நாள் முழுக்க என்ன செய்தாய் என்று கேட்கட்டும். அந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பதில் திருப்தியாக இல்லையென்றால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும். பதிவு செய்த பிள்ளைக்குப் பக்கத்து அரசுப் பள்ளியின் ஆய்வகமும் விளையாட்டுப் போட்டியும் திறக்கட்டும். தேர்வுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம், மகள் அதற்குத்தான் படிக்கிறாள். 14 வயதானால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு தருகிறார்கள். கடைசியில் நிற்கும் வாசல் திறந்தே இருக்கிறது. ஆறு வயதிலிருந்து அதுவரைக்கும் பிள்ளை எங்கே இருந்தது என்று கேட்பார்தான் இல்லை.

வீட்டில் கற்பிக்கும் மற்ற பெற்றோர் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். அதிகாரி உள்ளே வந்தால் சுதந்திரம் போய்விடும், பாடத்திட்டத்தைத் திணிப்பார்கள், அலையவைப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். அலையவைப்பது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் என் பிள்ளைகளின் சுதந்திரத்துக்காக அந்த மில்லுக்குப் போன பிள்ளையின் பக்கம் யாரும் எட்டிப் பார்க்காத நிலை தொடர்வதை என்னால் ஏற்க முடியாது. நன்றாகப் படிக்கும் பிள்ளை வீட்டுக்கு ஆசிரியர் வந்தால் என்ன நஷ்டம்? ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பலாம்.

சட்டத் திருத்தத்துக்கு ஆண்டுகள் ஆகலாம். அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் 'வீட்டில் கற்கிறார்' என்று ஒரு கட்டமும், பிள்ளையிடம் தனியாகப் பேசியவர் யார், எந்தத் தேதியில் என்று எழுத ஒரு வரியும் சேர்க்க, மனம் இருந்தால் போதும். இதை மனுவாக எழுதி மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பவிருக்கிறேன், அதன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்காவும் திண்ணையில் படித்த பிள்ளைகளின் பெற்றோர் சிலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதம் எழுதிய வாசகரும் கையெழுத்திட முன்வந்தால், தங்கள் அலுவலகம் வழியாக மனுவை அவருக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.

(பிள்ளைகளை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)